அத்தியாயம் 6: இரண்டு தாளில் பிரிந்த குடும்பத்தை ஒரே படத்தில் சேர்ப்பது

அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பாளர் வீடு வீடாகப் போய், வரிக்கு ஒரு பெயராக எழுதிக்கொண்டே வந்தார். தாளில் வரிகள் தீர்ந்ததும் அடுத்த தாளுக்கு மாறினார், பாதிக் குடும்பம் மிச்சமிருந்தாலும்கூட. இப்படி அப்பாவும் அம்மாவும் ஒரு தாளின் அடியிலும், பிள்ளைகளும் பாட்டியும் அடுத்த தாளின் தலையிலுமாகப் பிரிந்த குடும்பங்கள் ஏராளம். முதல் தாளை மட்டும் சேமித்துவிட்டு "குடும்பத்தில் மூன்று பேர்" என்று குறித்துக்கொள்வது, குடும்ப வரலாறு தேடுகிறவர்கள் அடிக்கடி செய்யும் தவறு.

அந்த இரண்டு தாள்களிலிருந்தும் தேவையான வரிகளை எடுத்து, தலைப்புப் பகுதியோடு சேர்த்து ஒரே படமாக்கும் வழி இந்த அத்தியாயத்தில் இருக்கிறது. கிம்ப் என்னும் இலவச மென்பொருள் போதும். போட்டோஷாப், போட்டோபீ போன்றவற்றிலும் இதே வரிசையில் செய்யலாம்.

ஒரு விதியை முதலிலேயே மனதில் பதித்துக்கொள்ளுங்கள்: சேர்க்கலாம், வெட்டலாம், நகர்த்தலாம், எழுத்தைத் தொடக் கூடாது. கீழே வரும் படிகள் எல்லாம் இந்த விதிக்குக் கட்டுப்பட்டவை.

## யாருக்கு இது பயன்படும்?

இந்தியாவில் 1948ஆம் ஆண்டின் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி, தனிநபர் விவரங்கள் அடங்கிய பதிவுகளை யாரும் பார்வையிட முடியாது. அமெரிக்காவில் 72 ஆண்டுகள் கழிந்ததும் பெயரோடு கூடிய தாள்கள் பொதுவுக்கு வருகின்றன. 1950ஆம் ஆண்டின் தாள்கள் 2022 ஏப்ரல் 1 அன்று வெளியாயின.

அமெரிக்கக் குடும்பத்தில் பெண் கொடுத்தவர்கள், பெண் எடுத்தவர்கள், அங்கே பிறந்த பேரப்பிள்ளைகளின் இன்னொரு பக்கத்து வம்சாவளியைத் தொகுக்க விரும்புகிறவர்கள் எல்லோருக்கும் இது உதவும். அந்தக் காலத்திலேயே அங்கே போன இந்தியர்களைத் தேடுகிறவர்களுக்கும் உதவும். அப்படித் தேடும்போது ஒன்றைக் கவனியுங்கள்: 1920, 1930, 1940 கணக்கெடுப்புகளில் இனம் என்ற பத்தியில் இந்தியர்களை, அவர்கள் எந்த மதத்தினராக இருந்தாலும், 'ஹிந்து' என்றே குறித்தார்கள்.

## தொடங்கும் முன்: குடும்பம் முழுதும் கையில் இருக்கிறதா?

மென்பொருளைத் திறக்க அவசரப்பட வேண்டாம். தாளின் முதல் வரியிலோ கடைசி வரியிலோ உங்கள் குடும்பம் தொட்டால், பக்கத்துத் தாளையும் கட்டாயம் பாருங்கள். ஒரு பக்கத்தில் இத்தனை வரி என்று தெரிந்திருந்தால் இது சுலபம்:

- 1850: 42 வரி
- 1860, 1870: 40 வரி
- 1880: 50 வரி
- 1900, 1910, 1920, 1930: பக்கத்துக்கு 50 வரி (ஏ பக்கத்தில் 1–50, பி பக்கத்தில் 51–100)
- 1940: பக்கத்துக்கு 40 வரி (ஏ பக்கத்தில் 1–40, பி பக்கத்தில் 41–80)
- 1950: 30 வரி

1890ஆம் ஆண்டைத் தேடி அலைய வேண்டாம். அதன் தாள்களில் பெரும்பகுதி 1921இல் வாஷிங்டனில் நடந்த தீ விபத்தில் பலத்த சேதமடைந்து, பிற்பாடு அழிக்கப்பட்டது.

குடும்பம் எங்கே முடிகிறது என்று எப்படி அறிவது? 1880 முதல், குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்ற பத்தி உண்டு. புதிய தலைவர் வரும் இடத்தில் அடுத்த குடும்பம் தொடங்குகிறது. 1850, 1860, 1870 தாள்களில் உறவுப் பத்தியே கிடையாது. அங்கே இடது ஓரத்தில் உள்ள வீட்டு எண், குடும்ப எண் ஆகிய இரண்டுதான் வழிகாட்டி. புதிய எண் வரும்வரை அதே குடும்பம். எனவே அந்த ஆண்டுகளின் தாளை வெட்டும்போது இடது ஓரத்தை விட்டுவிடாதீர்கள்.

1940, 1950க்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை. முதல் முறை போனபோது வீட்டில் ஆள் இல்லையென்றால், அவர்களைப் பிற்பாடு தனித் தாள்களில் எழுதினார்கள். 1940இல் அவை 61ஆம் எண் தாளிலிருந்தும், 1950இல் 71ஆம் எண் தாளிலிருந்தும் தொடங்கும். தெருவில் எல்லோரும் இருந்து உங்கள் வீடு மட்டும் காணவில்லையென்றால் அங்கே போய்ப் பாருங்கள்.

## தேவையானவை

1. இரண்டு தாள்களின் முழுப் படங்கள். ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசக் கணக்கு தொடங்கிப் பெரும்பாலான ஆண்டுகளின் தாள்களைப் பார்க்கலாம். ஆன்செஸ்ட்ரி கட்டணத் தளம்.
2. கிம்ப் மென்பொருள்.
3. ஒரு நோட்டு. மாநிலம், கவுண்டி, ஊர், கணக்கெடுப்பு வட்ட எண், தாள் எண், வரி எண், பதிவிறக்கிய நாள் ஆகியவற்றை உடனே எழுதிக்கொள்ள.

குறிப்பு: திரையைப் படம் பிடித்து வேலை செய்யாதீர்கள். திரையில் தெரிவது சுருக்கிய படம். பெரிதாக்கினால் எழுத்து உடையும். தளத்தில் இருக்கும் பதிவிறக்கப் பொத்தானையே பயன்படுத்துங்கள்.

## கோப்புகளைப் பத்திரப்படுத்துவது

1. 'மூலம்', 'வேலை', 'முடிந்தது' என மூன்று கோப்புறைகள் உருவாக்குங்கள்.
2. பதிவிறக்கிய படங்களை 'மூலம்' கோப்புறையில் வையுங்கள். ஆண்டு, மாநிலம், வட்ட எண், தாள் எண் என்ற வரிசையில் பெயரிடுங்கள்.
3. அவற்றின் நகலை 'வேலை' கோப்புறைக்கு எடுங்கள். மூலப் படத்தை கிம்ப்பில் திறக்கவே வேண்டாம்.
4. மூலக் கோப்புறையின் இன்னொரு நகலைப் பென் டிரைவிலோ வேறு கணினியிலோ வையுங்கள்.

ஜேபெக் படத்தை ஒவ்வொரு முறை திருத்திச் சேமிக்கும்போதும் அதன் தரம் கொஞ்சம் குறைகிறது. நடுவில் சேமிப்பதெல்லாம் கிம்ப்பின் சொந்த வடிவமான எக்ஸ்சிஎஃப்பில் இருக்கட்டும்.

## செய்முறை: ஏ பக்கமும் பி பக்கமும்

1900ஆம் ஆண்டுத் தாள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 7ஏ பக்கத்தின் 48, 49, 50 வரிகளில் தலைவர், மனைவி, மூத்த மகன். 7பி பக்கத்தின் 51 முதல் 54 வரை இரண்டு பெண் பிள்ளைகள், தலைவரின் மாமியார், ஒரு வாடகைக்காரர். 7பியை விட்டிருந்தால் மாமியாரை இழந்திருப்போம். மாமியாரின் குடும்பப் பெயர்தான் மனைவியின் பிறந்த வீட்டுப் பெயரை அறிய நல்ல தடயம். (அவர் மறுமணம் செய்தவராகவும் இருக்கலாம். ஆகவே அது தடயம் மட்டுமே, முடிவு அல்ல.)

### பகுதி 1: தாள்களை நிமிர்த்துதல்

1. ஃபைல் மெனுவில் 'ஓப்பன்' கொடுத்து 7ஏ படத்தைத் திறங்கள். பிறகு அதே மெனுவில் 'ஓப்பன் ஆஸ் லேயர்ஸ்' கொடுத்து 7பி படத்தைத் திறங்கள். இரண்டும் ஒரே படத்தில் இரண்டு லேயர்களாக அமையும். லேயர்களுக்கு '7ஏ', '7பி' என்று பெயரிடுங்கள்.
2. உடனே எக்ஸ்சிஎஃப் கோப்பாகச் சேமியுங்கள்.
3. மைக்ரோஃபிலிமில் படமெடுத்த தாள்கள் சற்றே சாய்ந்திருக்கும். மெஷர் கருவியை எடுத்து, அச்சிட்ட கிடைக்கோடு ஒன்றின் இடது முனையிலிருந்து வலது முனைவரை இழுங்கள். கருவியின் விருப்பங்களில் உள்ள 'ஸ்ட்ரெய்ட்டன்' பொத்தானை அழுத்துங்கள். அந்த லேயர் நிமிரும்.
4. மற்ற லேயரையும் இப்படியே நிமிர்த்துங்கள்.

குறிப்பு: சாய்வை அளக்கக் கையெழுத்தை நம்பாதீர்கள். அச்சிட்ட கோடு மட்டுமே அளவுகோல்.

### பகுதி 2: அளவைச் சமப்படுத்துதல்

இரண்டு தாள்களும் ஒரே அளவில் படமாகியிருக்கும் என்ற உறுதி இல்லை. இதைச் சரிசெய்யாமல் சேர்த்தால் பத்திகள் நேராக வராது.

1. 7ஏவில் அச்சிட்ட சட்டத்தின் இடது ஓரத்திலிருந்து வலது ஓரம்வரை மெஷர் கருவியால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். 7பியிலும் அதையே செய்யுங்கள்.
2. 7ஏவில் 4000 பிக்சல், 7பியில் 3920 பிக்சல் என்றால், 4000ஐ 3920ஆல் வகுத்தால் 1.0204. அதாவது 7பியை 102.04 சதவீதம் ஆக்க வேண்டும்.
3. 7பி லேயரைத் தேர்ந்து, லேயர் மெனுவில் 'ஸ்கேல் லேயர்' திறந்து அந்தச் சதவீதத்தைக் கொடுங்கள். அகலத்துக்கும் உயரத்துக்கும் நடுவில் இருக்கும் சங்கிலிச் சின்னம் பூட்டியிருக்க வேண்டும். இல்லையென்றால் எழுத்துகள் ஒரு பக்கம் இழுபடும்.

### பகுதி 3: பத்திக்குப் பத்தி பொருத்துதல்

வேலையின் உயிர்நாடி இந்தப் பகுதிதான். இரண்டு பக்கங்களும் ஒரே படிவத்தில் அச்சானவை. ஆகவே முதலில் முழுப் பக்கத்தை முழுப் பக்கத்தின்மேல் பொருத்திவிட்டு, அதன்பிறகு வெட்டுங்கள். முதலில் வெட்டிவிட்டுப் பிறகு பொருத்தப் பார்த்தால் எதை எதோடு ஒப்பிடுவது என்று தெரியாமல் தடுமாறுவீர்கள்.

1. மேலே இருக்கும் 7பி லேயரின் 'ஒப்பாசிட்டி'யை 50 ஆக்குங்கள். இரண்டு தாள்களும் ஒன்றின் ஊடாக ஒன்று தெரியும்.
2. மூவ் கருவியை எடுங்கள். அதன் விருப்பங்களில், தேர்ந்த லேயரை மட்டும் நகர்த்தும் வசதியைப் போடுங்கள். இதைச் செய்யாவிட்டால் கிளிக் செய்த இடத்தில் எந்த லேயர் இருக்கிறதோ அது நகர்ந்துவிடும்.
3. தலைப்பில் அச்சிட்ட சொற்களும் பத்திக் கோடுகளும் ஒன்றோடொன்று பொருந்தும்வரை 7பியை நகர்த்துங்கள். கடைசி நகர்த்தலுக்கு அம்புக்குறி விசைகளைப் பயன்படுத்துங்கள்.
4. இடது ஓரம், நடு, வலது ஓரம் என மூன்று இடத்திலும் பெரிதாக்கிப் பாருங்கள்.
5. ஒப்பாசிட்டியை மறுபடி 100 ஆக்குங்கள்.

### பகுதி 4: வெட்டுதல்

நமக்கு மூன்று துண்டுகள் வேண்டும்: 7ஏவின் தலைப்பு, 7ஏவின் 48–50 வரிகள், 7பியின் 51–54 வரிகள்.

1. 7ஏ லேயரை ஒருமுறை நகலெடுங்கள். ஒன்று தலைப்புக்கு, இன்னொன்று வரிகளுக்கு.
2. க்ராப் கருவியின் விருப்பங்களில், தேர்ந்த லேயரை மட்டும் வெட்டும் பெட்டியை டிக் செய்யுங்கள். அதை மறந்தால் முழுப் படமும் வெட்டுப்படும்.
3. ஒவ்வொரு லேயரிலும் தேவையான பகுதியை இடது ஓரத்திலிருந்து வலது ஓரம்வரை முழு அகலத்துக்கு வெட்டுங்கள். தலைப்பில் மாநிலம், கவுண்டி, வட்ட எண், தாள் எண், கணக்கெடுப்பாளர் பெயர், தேதி எல்லாம் வர வேண்டும்.
4. வரித் துண்டுகளில் மேலே ஒரு வரியும் கீழே ஒரு வரியும் கூடுதலாக விடுங்கள். எழுத்துகளின் வாலும் கொம்பும் பக்கத்து வரிக்குள் நீண்டிருக்கும்.

குறிப்பு: 7பியின் மேல் ஓரத்தில் இருக்கும் தேதியையும் தாள் எண்ணையும் ஒரு சிறு துண்டாக எடுத்து வையுங்கள். ஒரே குடும்பம் இரண்டு தாளில் வரும்போது தேதி மாறியிருக்கக்கூடும்.

### பகுதி 5: அடுக்குதல்

1. இமேஜ் மெனுவில் 'கேன்வாஸ் சைஸ்' திறந்து கீழ்ப்புறம் போதிய இடம் ஒதுக்குங்கள்.
2. தலைப்பு மேலே, 48–50 அதன் கீழே, 51–54 அதற்கும் கீழே. மேலும் கீழும் போகும் அம்புக்குறி விசைகளால் மட்டும் நகர்த்துங்கள். பக்கவாட்டில் ஒரு பிக்சல்கூட அசையக் கூடாது. மூன்றாம் பகுதியில் பட்ட பாடு அதற்காகத்தான்.
3. துண்டுக்கும் துண்டுக்கும் நடுவில் மெல்லிய வெள்ளை இடைவெளி விடுங்கள். அதில் 'தாள் 7ஏ', 'தாள் 7பி' என்று எழுதுங்கள்.
4. 'ஃபிட் கேன்வாஸ் டு லேயர்ஸ்' கொடுத்து மிச்ச இடத்தை நீக்குங்கள்.

சேர்த்த இடம் தெரியாமல் ஒட்ட வேண்டும் என்று ஆசை வரும். வேண்டாம். இணைப்புத் தெரியாத படத்தைப் பின்னால் பார்க்கும் உறவினர் ஒருவர், அப்படி ஒரு தாளே ஆவணக் காப்பகத்தில் இருப்பதாக நம்பிவிடுவார்.

### பகுதி 6: வெளிச்சம்

கலர்ஸ் மெனுவில் 'லெவல்ஸ்' திறந்து, சாம்பல் படிந்த பின்னணியைக் கொஞ்சம் வெளுக்கலாம். நிறுத்த வேண்டிய இடம் எது? மங்கிய பேனாக் கோடு மறையத் தொடங்கும் இடம். அதற்கு ஒரு படி முன்னாலேயே நில்லுங்கள். கறை, மடிப்பு, அடித்துத் திருத்திய எழுத்து, அலுவலகத்தில் பிற்பாடு மேலே எழுதிய எண் குறியீடுகள் எல்லாம் அப்படியே இருக்கட்டும். க்ளோன், ஹீல் கருவிகளை இந்த வேலையில் தொடவே கூடாது.

### பகுதி 7: ஆதாரக் குறிப்பு

படத்தின் அடியில் வெள்ளைப் பட்டை சேர்த்து, அதில் இந்த விவரங்களை எழுதுங்கள். விவரம் படத்துக்குள்ளேயே இருந்தால், படம் யார் கைக்குப் போனாலும் கூடவே போகும்.

> 1900 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு; மாநிலம், கவுண்டி, ஊர்; வட்ட எண்; தாள் 7ஏ, வரி 48–50; தாள் 7பி, வரி 51–54; குடும்ப எண்; நேஷனல் ஆர்க்கைவ்ஸ் மைக்ரோஃபிலிம் டி623, சுருள் எண். பார்த்த தளம், நாள். இரண்டு தாள்களிலிருந்து இணைத்த படம்.

மைக்ரோஃபிலிம் எண் ஆண்டுக்கு ஆண்டு மாறும்: 1900க்கு டி623, 1910க்கு டி624, 1920க்கு டி625, 1930க்கு டி626, 1940க்கு டி627.

கடைசியாக ஃபைல் மெனுவின் 'எக்ஸ்போர்ட் ஆஸ்' வழியாக, பாதுகாக்க டிஃப் அல்லது பிஎன்ஜி, உறவினருக்கு அனுப்ப ஜேபெக் என இரண்டு வடிவங்களில் எடுத்து 'முடிந்தது' கோப்புறையில் வையுங்கள். எக்ஸ்சிஎஃப் கோப்பையும் அழிக்காதீர்கள்.

## சிறப்பு நேர்வுகள்

1940: அடியில் இருக்கும் கூடுதல் கேள்விகள். ஏ பக்கத்தின் 14, 29ஆம் வரிகளிலும், பி பக்கத்தின் 55, 68ஆம் வரிகளிலும் வந்தவர்களிடம் பெற்றோர் பிறந்த நாடு, தாய்மொழி போன்ற கேள்விகளைக் கூடுதலாகக் கேட்டார்கள். பதில்கள் அதே பக்கத்தின் அடியில் இருக்கும். உங்கள் ஆள் அந்த வரியில் இருந்தால் அடிப்பகுதியையும் தனித் துண்டாகச் சேருங்கள். பெயருக்குப் பக்கத்தில் வட்டமிட்ட பெருக்கல் குறி தெரிந்தால், தகவல் சொன்னவர் அவர். துண்டு வெட்டும்போது அந்தக் குறி தப்பிவிடக் கூடாது.

1840: எதிரெதிர்ப் பக்கங்கள். அந்த ஆண்டின் பதிவு இரண்டு எதிர்ப்பக்கங்களில் பரந்திருக்கும். குடும்பத் தலைவர் பெயர் இடப்பக்கம். வரி வலப்பக்கத்தில் தொடரும். இங்கே பக்கவாட்டில் இணைக்க வேண்டும். தலைவர் பெயர் வரும் வரியை மேலிருந்து எண்ணி, வலப்பக்கத்தில் அதே வரியைப் பிடியுங்கள். கடைசி வரியிலும் எண்ணிச் சரிபாருங்கள்.

பல ஆண்டுகளை ஒன்றின்கீழ் ஒன்றாக. 1900 முதல் 1940 வரை ஒரே குடும்பத்தை அடுக்கினால், பிள்ளைகள் வளர்வதும் வீடு மாறுவதும் ஒரே பார்வையில் தெரியும். ஆனால் ஒவ்வொரு ஆண்டின் படிவமும் வேறு. ஒரே தலைப்பை எல்லாவற்றுக்கும் போடாதீர்கள். ஒவ்வொரு துண்டுக்கும் அதனதன் தலைப்பு வேண்டும். வயதை ஒப்பிடும்போது கணக்கெடுப்பு நாளையும் பாருங்கள்: 1900இல் ஜூன் 1, 1910இல் ஏப்ரல் 15, 1920இல் ஜனவரி 1, 1930, 1940 இரண்டிலும் ஏப்ரல் 1. வயது ஓர் ஆண்டு பிசகுவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

## அடிக்கடி நேரும் தவறுகள்

- தலைப்பு ஒரு பத்தி தள்ளிப்போவது. 1900ஆம் ஆண்டுத் தாளில் மணமாகி எத்தனை ஆண்டு, எத்தனை பிள்ளை பெற்றவர், எத்தனை பேர் உயிரோடு என்ற மூன்று பத்திகளும் அடுத்தடுத்து இருக்கும். மனைவியின் வரியில் 12, 7, 5 என்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். தலைப்பு ஒரு பத்தி இடப்பக்கம் நகர்ந்தால், 12 ஆண்டுத் தாம்பத்தியம் 12 பிள்ளைகளாகிவிடும். இறந்த குழந்தைகளின் கணக்கு இரண்டிலிருந்து ஐந்தாகிவிடும்.
- குடும்பப் பெயர் இல்லாத துண்டு. பிள்ளைகளின் வரியில் குடும்பப் பெயருக்குப் பதில் வெறும் கோடு போட்டிருப்பார்கள். இரண்டாம் தாளின் துண்டைத் தனியாக அனுப்பினால் யார் வீட்டுப் பிள்ளை என்றே தெரியாது.
- வேறு பிரதியின் தலைப்பு. தலைப்பு மங்கலாக இருக்கிறதென்று வேறு ஊர்த் தாளிலிருந்து தெளிவான தலைப்பை எடுத்து ஒட்டுவது. ஊரும் வட்ட எண்ணும் தவறாகிவிடும். வெற்றுப் படிவத்தின் தலைப்பைச் சேர்த்தால், அது வெற்றுப் படிவம் என்று அதன்மேல் எழுதுங்கள்.
- அண்டை வீட்டாரை மறப்பது. மேலும் கீழும் உள்ள வரிகளில் இருப்பவர்கள் சில நேரம் உறவினராக இருக்கலாம். இணைத்த படத்தில் அவர்களுக்கு இடமில்லை. முழுத் தாளையும் கூடவே வைத்திருக்க இதுவும் ஒரு காரணம்.

## பகிரும் முன்

1950ஆம் ஆண்டுத் தாளில் குழந்தையாக இருப்பவர் இன்று உயிரோடிருக்கலாம். தாள் பொதுவுக்கு வந்துவிட்டது என்பதற்காக அவருடைய வயது, பிறந்த இடம், முகவரி எல்லாம் சேர்ந்த படத்தைக் குடும்பக் குழுவில் போடாதீர்கள். அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். மணமுறிவு, தத்து, சிறைவாசம் போன்றவை தெரியவரும் தாள்களைக் குடும்பத்துப் பெரியவர்களிடம் காட்டிவிட்டுப் பிறகு பகிருங்கள். கட்டணத் தளத்திலிருந்து எடுத்த படமென்றால் அதன் பயன்பாட்டு விதிகளையும் படியுங்கள்.

## கடைசிச் சோதனை

1. தலைப்பிலிருந்து கடைசி வரிவரை ஒரு பத்திக் கோட்டின்மேல் அளவுகோலை வைத்துப் பாருங்கள். கோடு நேராக வருகிறதா?
2. தாள் எண்கள் இரண்டும் தெரிகின்றனவா?
3. இணைப்பு இருக்கும் இடம் வெளிப்படையாகத் தெரிகிறதா?
4. ஆதாரக் குறிப்பைப் படித்து, வேறொருவர் அதே தாள்களைத் தேடி எடுக்க முடியுமா? வீட்டில் ஒருவரிடம் கொடுத்துத் தேடச் சொல்லுங்கள்.
5. மூலப் படங்களைப் பக்கத்தில் திறந்து, நீங்கள் சேர்த்த படத்தின் ஒவ்வொரு கட்டத்தையும் வாய்விட்டுப் படித்து ஒப்பிடுங்கள். ஓரிடத்தில் வேறுபட்டாலும் மூலம் சொல்வதே சரி. மூன்றாம் பகுதிக்குத் திரும்பிப் போய் மறுபடி பொருத்துங்கள்.